எங்கும் போகாத லிஃப்ட்

"உங்க இஷ்டம்" என்று நான் சொன்னேன். அவ்வளவுதான் சொன்னேன். கூட ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் குடியா முழுகிப்போயிருக்கும்? சொல்லவில்லை.

வெளியூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி கட்டி முடித்திருக்கிறார்கள், அங்கே ஓடுகிற லிஃப்ட் அத்தனைக்கும் பொறுப்பாளராக வரச் சொல்கிறார்கள், போகவா என்று என் வீட்டுக்காரர் கேட்டார். சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார். அதுதான் எனக்குச் சுருக்கென்றது. கட்டின பெண்டாட்டியிடம் கேட்கிற கேள்வியா இது, கண்டக்டரிடம் பஸ் போகுமா என்று கேட்கிற மாதிரி? "உங்க இஷ்டம்" என்றேன். ஒரு பெண்டாட்டி "உங்க இஷ்டம்" என்றால் அதற்கு என்ன அர்த்தம் என்று தெருவில் போகிற எந்த ஆம்பளையை நிறுத்திக் கேட்டாலும் சொல்வான். இந்த மனுஷனுக்கு மட்டும் தெரியாது. "சரி" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார்.

அன்றிலிருந்து வீட்டில் பேச்சு மூச்சு இல்லை. தட்டு வைத்தால் சாப்பிடுவார். நான் டிவி போட்டால் அவர் பால்கனிக்குப் போவார். எங்களுக்குப் பிள்ளை குட்டி கிடையாது, நடுவில் நின்று "அம்மா கூப்பிடுது, அப்பா கூப்பிடுது" என்று சொல்ல ஆள் இல்லை. இன்றைக்குச் சாயங்காலத்துக்குள் ஆபீஸில் பதில் சொல்லியாக வேண்டும் என்பதையே, அவர் போனில் யாரிடமோ சொன்னது காதில் விழுந்துதான் தெரிந்துகொண்டேன். எனக்கு இங்கே வேலை, அவர் தனியாகத்தான் போவார். பேசிச் சிரித்து அனுப்பினால் ஒரு மனுஷன் லீவுக்கு லீவு ஓடி வருவான். இப்படி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போனால் போனதுதான். அது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் என் வாய் திறக்கவில்லை. அப்படி ஒரு ராங்கி.

இதில் வேடிக்கை என்னவென்றால், மூடின கதவுக்குப் பின்னால் இருக்கிறவர்களோடு எப்படிப் பேசுவது என்று சொல்லிக்கொடுப்பதுதான் என் பிழைப்பு.

நான் ஒரு லிஃப்ட் கம்பெனியில் ட்ரெய்னர், என் வீட்டுக்காரர் அதே கம்பெனியில் மெக்கானிக். லிஃப்ட் பாதியில் நின்றுபோனால் உள்ளே மாட்டிக்கொண்டவர்கள் அங்கே இருக்கிற போனை எடுப்பார்கள். எங்கள் ஹெல்ப்லைனில் மணி அடிக்கும். மெக்கானிக் போய்க் கதவைத் திறக்கிறவரை அந்த ஆளோடு பேசிக்கொண்டே இருக்க வேண்டும். அந்த வேலைக்குப் புதிதாகச் சேருகிறவர்கள் முதலில் என் கையில்தான் வந்து விழுவார்கள். "பயப்படாதீங்க" என்று சொல்லாதே, சொன்னால் பயம் ஞாபகம் வரும். "அஞ்சு நிமிஷத்துல வந்துடுவாங்க" என்று சொல்லாதே, ஆறாவது நிமிஷம் உன் பேச்சு செல்லாது. கையில் என்ன வைத்திருக்கிறார்கள் என்று கேள், உட்காரச் சொல், ஊர்க்கதை பேசு. கதவு திறக்கிறவரை போனை மட்டும் வைக்காதே.

இதையெல்லாம் பலகையில் எழுதிப் போட்டால் ஒருத்தர் மண்டையிலும் ஏறாது. அதற்காகத்தான் வகுப்பறைக்கு அடுத்த அறையில் பழகுவதற்கென்று ஒரு பழைய லிஃப்ட் கேபின் நிற்கிறது. இடித்த கட்டடம் ஒன்றிலிருந்து கழற்றிக்கொண்டு வந்தது. மேலே கயிறு கிடையாது, கீழே குழி கிடையாது, தரையில் பீரோ மாதிரி நிற்கும். நான் யாரிடமும் சொல்லாமல் நழுவிப் போய் அதற்குள் நுழைந்து, கதவைச் சாத்தி, விளக்கை அணைத்துவிட்டுப் போனை எடுப்பேன். வகுப்பறை மேசையில் மணி அடிக்கும். ஒருத்தர் எடுத்துப் பேச, மற்றவர்கள் ஸ்பீக்கரில் கேட்பார்கள். ஒரு நாள் நான் இன்டர்வியூவுக்குப் போகிற பையன். ஒரு நாள் இன்ஹேலரை வீட்டில் விட்டுவிட்டு வந்த கிழவர். ஐஸ்கிரீம் உருகுகிறதே என்று அழுகிற ஒரு அம்மாவும் உண்டு, அவள் எல்லா பேட்சிலும் ஹிட்.

ஒன்று சொல்கிறேன், யாரிடமும் சொன்னதில்லை. அந்த இருட்டில் கொஞ்ச நேரம் நின்றால் கேபின் நகர ஆரம்பிக்கும். நிஜமாக நகராது, எனக்குத் தெரியாதா? ஆனால் உள்ளங்காலில் தெரியும். மெதுவாக மேலே போகும். எத்தனையாவது மாடி என்று கேட்க ஆள் இருக்காது. டெஸ்ட் முடிந்து கதவைத் திறந்தால் அதே அறை, அதே சுவர், அதே சுண்ணாம்புக் கறை. ஒவ்வொரு தடவையும் எனக்குச் சின்னதாக ஓர் ஏமாற்றம்.

இன்னொரு விஷயம். அந்தக் கேபினைக் கொண்டுவந்து வைத்த அன்றைக்கு எலக்ட்ரீஷியனுக்கு உடம்பு வணங்கவில்லை. புதுசாக லைன் இழுக்கச் சோம்பல்பட்டு, சுவருக்குப் பின்னால் ஓடுகிற சரக்கு லிஃப்ட்டிலிருந்தே கரண்டையும் போன் லைனையும் எடுத்துக் கொடுத்துவிட்டார். கேட்டதற்கு, "ரெண்டுக்கும் ஒரே ஒயர், என்ன கெட்டுப்போச்சு இப்ப?" என்றார். ஆக, சரக்கு லிஃப்ட்டின் போனை எடுத்தாலும் வகுப்பறையில்தான் மணி அடிக்கும். அதில் அட்டைப்பெட்டிதான் போகும், பெட்டி எப்போது போன் பண்ணப் போகிறது என்று நாங்களும் விட்டுவிட்டோம்.

இந்த பேட்சில் ஆறேழு பேர். மைக்செட் என்று ஒருவன், அவன் "வணக்கம்" சொன்னால் அடுத்த தெருவில் பதில் வணக்கம் வரும். அவனுக்கு நேர் எதிராக ஒரு பெண். கேள்வி கேட்டால் அந்தக் கேள்வி அவள் காது வழியாகப் போய், ஊரெல்லாம் சுற்றி, குளித்துச் சாப்பிட்டுவிட்டுப் பதிலாக வரும். அவளுக்கு நிதானம் என்று பெயர் வைத்தேன். பாராட்டி வைத்ததில்லை. "ஏம்மா, நீ யோசிச்சு முடிக்கிறதுக்குள்ள உள்ள இருக்கிறவர் ரிட்டயர் ஆயிடுவார்" என்று திட்டியிருக்கிறேன். அதற்கும் சற்று யோசித்துவிட்டு, "ஆமாங்க மேடம்" என்றாள்.

நேற்று இந்த பேட்ச் என்னிடம் செமத்தியாக வாங்கிக் கட்டிக்கொண்டது. கேபினுக்குள்ளிருந்து நான், "டெஸ்ட் இல்ல, நிஜமாவே மாட்டிக்கிட்டேன், யாராவது வந்து பாருங்க" என்று அலறினேன். மைக்செட்டும் இன்னொருவனும் போனை அம்போவென்று போட்டுவிட்டு ஓடி வந்தார்கள். கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்து நான் பிடித்த பிடியில் இரண்டு பேரும் கூனிக் குறுகிப் போனார்கள். "உள்ள இருக்கிறவங்களுக்கு இருக்கிற ஒரே துணை அந்தக் குரல். அதை விட்டுட்டு ஓடி வருவியா? நானே நிஜம்னு சொன்னாலும் நம்பாதே. இந்தக் கட்டடத்துல இருந்து வர்ற கால் எல்லாம் டெஸ்ட்தான். நாற்காலியை விட்டு எழுந்தா சீட்டைக் கிழிச்சிடுவேன்!"

என் திருவாயால் சொன்னது.

இன்று மதியம். பழகும் கேபினின் கதவு சில நாளாகச் சிக்கிக்கொண்டிருந்ததால் புகார் கொடுத்திருந்தேன். யாராவது ஒரு சின்னப் பையனை அனுப்புவார்கள் என்று நினைத்தேன். வகுப்பு ஜன்னல் வழியாகப் பார்த்தால், தோளில் பையோடு கேட்டைத் தாண்டி வருகிறவர் என் வீட்டுக்காரர். சலூனில் ஒட்ட வெட்டிக்கொண்டு, காது இரண்டும் விறைப்பாக. புது ஊருக்குத் தயாராகிறார் போல.

அவர் முன்னால் நிற்க என்னால் முடியாது. பிள்ளைகள் எதிரில் "வாங்க சார்" என்று கூப்பிடவா? ஒன்றும் சொல்லாமல் எழுந்து நழுவினேன். மொபைல் மேசையில் சார்ஜில் கிடந்தது, டெஸ்ட்டுக்குப் போகிற மாதிரியே விட்டுவிட்டு வந்தேன். வழக்கமான லிஃப்ட்டில் அவர் ஏறி வருவார். அதனால் பின்பக்கம் போய்ச் சரக்கு லிஃப்ட்டில் நுழைந்து மொட்டை மாடிக்கு அமுக்கினேன். அவர் போகிறவரை மேலே காற்று வாங்கலாம் என்று எண்ணம்.

லிஃப்ட் கிளம்பியது. கொஞ்சம் ஏறியது. ஒரு குலுக்கல், நின்றது. விளக்கு போய், ஓரத்தில் பேட்டரி பல்பு மட்டும் மஞ்சளாக எரிந்தது.

என்ன நடந்தது என்று எனக்கு உடனே புரிந்துவிட்டது. வேலை தெரிந்த மெக்கானிக் எவனும் முதலில் அடித்தளத்துக்குப் போய் மெயினை அணைத்துவிட்டுத்தான் கை வைப்பான். பழகும் கேபினுக்கு மெயின் எது? சரக்கு லிஃப்ட்டின் மெயின். ஒரே ஒயர், என்ன கெட்டுப்போச்சு இப்ப! யாரைப் பார்க்கக் கூடாது என்று ஓடினேனோ அந்த மகராசன் கையாலேயே என்னை நடு ஆகாயத்தில் நிறுத்திவிட்டார்.

போனை எடுத்தேன். மணி அடித்தது. எடுத்தது யார்? வேறு யார், என் கெட்ட காலம்.

"வணக்கம்," என்றாள் நிதானம். ஒரு பெருமூச்சு விடுகிற நேரம் போனது. "நீங்க லிஃப்ட்டுக்குள்ள இருக்கீங்களா?"

"ஏம்மா, நான்தான். சரக்கு லிஃப்ட்ல மாட்டிக்கிட்டேன். கீழ மெயினை அணைச்சிருக்காங்க. யாரையாவது அனுப்பு."

"சரிங்க. சரக்கு லிஃப்ட். குறிச்சுக்கிட்டேன்."

"குறிக்காதே, போய்ப் பாரு! இது டெஸ்ட் இல்ல!"

ஸ்பீக்கரில் பின்னால் மைக்செட் சிரிப்பது கேட்டது. "ஆரம்பிச்சிட்டாங்கப்பா. இன்னிக்கு எவனும் எழுந்திருக்காதீங்க."

"டேய் மைக்செட், நான் நிஜமா சொல்றேன்டா!"

"நேத்தும் இதே மாதிரிதான் மேடம் சொன்னீங்க," என்றான், கட்டடமே கேட்கும்படி. எல்லாரும் சிரித்தார்கள். கத்தினேன், மிரட்டினேன், ஒருத்தரும் அசையவில்லை. நான் கத்தக் கத்த, மேடம் என்னமா நடிக்கிறாங்க என்று பூரித்துப் போயிருப்பார்கள். நல்லா ட்ரெய்னிங் கொடுத்திருக்கேன்டி அம்மா என்று தலையில் அடித்துக்கொண்டேன்.

"மெக்கானிக்குக்குச் சொல்லிட்டேங்க. கிளம்பிட்டார்," என்றாள் நிதானம். அதை எழுதிக் கொடுத்தவளே நான்தான். பழகும்போது சும்மா சொல்லிக்கொள்கிற வரி, காற்றைத் தவிர யாருக்கும் போகாது. "உங்களுக்குப் பக்கத்துல உட்கார ஏதாவது இருக்கா?"

காகிதப் பெட்டி ஒன்று இருந்தது. கால் கடுத்தது, உட்கார்ந்தேன். வேறு என்ன செய்ய?

"கையில என்ன வெச்சிருக்கீங்க?"

"ஒண்ணும் இல்ல."

அதற்கு அவள் எதுவும் சொல்லவில்லை. மற்றவர்களாக இருந்தால் அந்த இடைவெளியில் சளசளவென்று வானிலை, சினிமா என்று நிரப்பியிருப்பார்கள். இவள் விட்டுவிட்டாள். லைனில் வகுப்பறை மின்விசிறி சுற்றுவது கேட்டது. யாரோ நாற்காலியை நகர்த்தினார்கள். அவள் மூச்சு விடுவது கேட்டது, அவசரமே இல்லாத மூச்சு. என் கோபம் நின்று எரிய இடம் இல்லாமல் மெல்ல உட்கார்ந்தது.

பேட்டரி பல்பு சோர்ந்துகொண்டே வந்து அணைந்தது. அட்டைப்பெட்டியும் எண்ணெயும் கலந்த வாசனை. சுவரில் சாய்ந்தேன், இரும்பு குளிர்ச்சியாக இருந்தது. இத்தனை வருஷமாகப் பயந்தவள் மாதிரி குரல் நடுங்கப் பேசியிருக்கிறேன், மூச்சு வாங்கியிருக்கிறேன். நிஜமாக மாட்டிக்கொண்டபோது குரல் நடுங்கவே இல்லை. தூக்கம் வருகிற மாதிரி இருந்தது. காய்ச்சலில் மத்தியானம் படுத்திருக்கும்போது தூரத்தில் பேச்சுக்குரல் கேட்குமே, அப்படி.

அப்புறம் லிஃப்ட் நகர்ந்தது. பழகும் கேபினில் நகருமே, அதே நகர்வு. கரண்ட் இல்லை என்று தெரியும், ஆனாலும் உள்ளங்கால் மேலே மேலே என்றது. மொட்டை மாடியைத் தாண்டிவிட்டது. தண்ணீர்த் தொட்டியைத் தாண்டிவிட்டது. இருட்டில் ஒரு மாடியில் கதவு திறந்தது. எங்கள் படுக்கையறை, அவர் பக்கத்துத் தலையணை மட்டும் கசங்காமல் இருந்தது. கதவு மூடியது. இன்னொரு மாடியில் தெரியாத ஊர், தெரியாத சமையலறை, அவர் ஒரே ஒரு தட்டைக் கழுவிக்கொண்டிருந்தார். கழுவின தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கூப்பிடலாம் என்று வாயைத் திறந்தேன், கதவு மூடிவிட்டது.

"இருக்கீங்களா?" என்றாள் நிதானம்.

"இருக்கேன்."

"ஒண்ணு கேக்கட்டுங்களா? கதவு திறந்ததும் வெளிய யார் நிக்கணும்னு உங்களுக்கு ஆசை?"

நான் எழுதிக் கொடுத்ததில் இந்தக் கேள்வி கிடையாது. வேறு நாளாக இருந்தால், சொந்தச் சரக்கெல்லாம் வேண்டாம் என்று அந்த இடத்திலேயே நிறுத்தியிருப்பேன். இன்று அந்தக் கேள்வி இருட்டில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது.

"என் வீட்டுக்காரர்," என்றேன்.

"அவர் என்ன வேலை பாக்குறாருங்க?"

"லிஃப்ட் மெக்கானிக்."

வகுப்பில் சிரிப்பு. "இது புது கேரக்டர்டா," என்றான் மைக்செட். அந்தச் சிரிப்பு எனக்கு வசதியாகப் போயிற்று. நடிக்கிறேன் என்று நினைக்கிறார்களா? நினைக்கட்டும். ஐஸ்கிரீம் அம்மா அழலாம், இன்டர்வியூ பையன் புலம்பலாம், நான் மட்டும் ஏன் பேசக் கூடாது?

"அவர் வெளியூருக்குப் போகப் போறார்," என்றேன். "இன்னிக்குச் சாயங்காலம் ஆபீஸ்ல சரின்னு சொல்லிடுவார். எனக்கு அவர் போறது பிடிக்கலை. சம்பளம் வேண்டாம், பொறுப்பாளர் பட்டம் வேண்டாம். தினம் காலையில 'ஸ்பேனர் எங்க, டெஸ்டர் எங்க'ன்னு வீட்டையே தலைகீழாப் புரட்டுவார். எல்லாம் அந்தப் பைக்குள்ளதான் இருக்கும். எரிஞ்சு விழுவேன். ஆனா அந்தச் சத்தம் இல்லாம எனக்குப் பொழுது விடியாதும்மா. அவர் இல்லாத வீட்டுல நான் யார்மேல எரிஞ்சு விழுவேன்?"

யாரும் சிரிக்கவில்லை. மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

"இதை அவர்கிட்ட சொன்னீங்களா?"

"இல்ல."

"ஏங்க?"

"அவர் என் முகத்தைப் பார்த்துக் கேக்கலை."

நிதானம் யோசித்தாள். அவள் யோசிப்பது எனக்குக் கேட்டது. பிறகு மெதுவாக, குற்றம் சொல்கிற தொனியே இல்லாமல், "பார்த்துக் கேட்டிருந்தா சொல்லியிருப்பீங்களா?" என்றாள்.

பார்த்துக் கேட்டிருந்தாலும் "உங்க இஷ்டம்" என்றுதான் சொல்லியிருப்பேன். கண்ணைப் பார்த்து, இன்னும் அழுத்திச் சொல்லியிருப்பேன். கண்ணீர் தானாக வந்தது. துடைக்கவில்லை. இருட்டில் யாருக்காகத் துடைக்க?

அந்தப் பக்கம் நாற்காலிகள் நகர்ந்தன, ஏதோ பேச்சு. ரிசீவரைக் கை மூடுகிற சத்தம். பிறகு நிதானம் வந்தாள்.

"மேடம்."

"சொல்லு."

"இங்க ஒரு மெக்கானிக் வந்திருக்கார். பக்கத்து ரூம் கேபினோட கதவு ரெண்டையும் கழட்டித் தரையில வெச்சிருக்காராம். உள்ள யாருமே இல்லைங்கிறார்." ஒரு நீண்ட இடைவெளி. "அப்போ நீங்க எங்க இருக்கீங்க?"

அழுகைக்கு நடுவில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அதைத்தானேடி பொண்ணே ஆரம்பத்துல இருந்து சொல்லிட்டிருக்கேன்!"

மைக்செட்டின் "ஐயையோ" ஸ்பீக்கரைப் பிளந்தது. நாற்காலிகள் சரிந்தன. யாரோ "சரக்கு லிஃப்ட்டு, சரக்கு லிஃப்ட்டு" என்று கத்தினார்கள். போனை மட்டும் அவள் வைக்கவில்லை.

"அந்த மெக்கானிக்," என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. "எப்ப வந்தார்?"

"கதவுகிட்ட ரொம்ப நேரமா நின்னுக்கிட்டிருந்தாருங்க. நான்தான் டெஸ்ட் நடக்குது, சத்தம் போடாதீங்கன்னு கையைக் காட்டினேன். நீங்க சம்பளம் வேண்டாம்னு சொன்னீங்களே, அப்பவே நின்னார்."

"இப்ப எங்க?"

"ஓடிட்டார். பையை இங்கேயே போட்டுட்டு ஓடினார். அப்புறம் திரும்பி வந்து பையை எடுத்துக்கிட்டு ஓடினார்."

அவரேதான்.

மேலே, வெகு உயரத்தில், ஒரு கதவு திறக்கிற சத்தம் கேட்டது. மெஷின் ரூம். பிறகு இரும்பு முனகியது. இந்த லிஃப்ட் பழைய மாடல். மேலே ஒரு சக்கரம் இருக்கிறது, பிரேக்கைத் தளர்த்திவிட்டு அதைக் கையால் சுற்றித்தான் கேபினை ஒரு மாடிக்கு நேராகக் கொண்டுவர வேண்டும். வகுப்பில் படம் போட்டுக் காட்டியிருக்கிறேன். உள்ளே இருந்து பார்த்ததில்லை.

கேபின் அசைந்தது. இந்த முறை என் உள்ளங்கால் பொய் சொல்லவில்லை. விரல் அகலம் இறங்கியது. நின்றது. இன்னொரு விரல் அகலம். சக்கரத்தைப் பிடித்திருக்கிற கை யாருடையதென்று எனக்குத் தெரியும். கட்டைவிரல் நகம் ஒன்று கறுத்துப்போன கை. தூங்குகிற பிள்ளையைத் தோளிலிருந்து படுக்கையில் இறக்குவது மாதிரி, அவ்வளவு மெதுவாக என்னை இறக்கினார். ஒரு குலுக்கல் இல்லை. ஆயுசுக்கும் இப்படியே இறங்கிக்கொண்டிருக்கலாம் போல இருந்தது. கண்ணை மூடிக்கொண்டேன். மொட்டை மாடிக்கு மேலே பார்த்த மாடிகள் எல்லாம் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. தெரியாத ஊர் போனது. ஒற்றைத் தட்டு போனது. கசங்காத தலையணை போனது.

நின்றது. படிகளில் தடதடவென்று காலடி. கதவுக்கு வெளியே மூச்சு இரைக்கிற சத்தம்.

டொக், டொக்.

இரண்டு தட்டு தட்டி, "கதவை விட்டுத் தள்ளி நிக்கிறீங்களா?" என்று கேட்க வேண்டும். உள்ளே இருக்கிறவர் வாய்விட்டுப் பதில் சொன்ன பிறகுதான் கதவில் சாவி போட வேண்டும். தலை போகிற அவசரமானாலும் இதில் மாற்றம் கிடையாது. எங்கள் கம்பெனிச் சட்டம்.

நான் எழுந்து நின்றேன். ஆனால் அவர் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

"கதவு ரிப்பேருக்கு வேற ஆளை அனுப்பறேன்னாங்க," என்றார் கதவிடம். மூச்சு இன்னும் இரைத்தது. "நானே போறேன்னு வந்தேன். உன்கிட்ட இன்னொரு தடவை கேட்டுட்டு, அப்புறம் ஆபீஸுக்குப் போலாம்னு."

எந்தக் கேள்வியை முகம் பார்த்துக் கேட்கவில்லை என்று இத்தனை நாள் பொருமினேனோ, அதைக் கேட்கத்தான் வந்திருக்கிறார். நான் பின்பக்கமாக ஓடியிருக்கிறேன்.

"அதான் எல்லாத்தையும் கேட்டீங்களாமே," என்றேன்.

"அந்தப் பொண்ணுகிட்ட நீ சொன்னதைக் கேட்டேன். என்கிட்ட நீ ஒண்ணும் சொல்லலையே."

"நீங்க மொதல்ல என் முகத்தைப் பார்த்துக் கேளுங்க."

"கதவைத் திறந்தாத்தானே முகத்தைப் பார்க்க முடியும்?"

"அப்போ திறங்க."

"நீ பதில் சொன்னாத்தானே திறக்க முடியும்? சட்டம் அப்படி. நீதானே எல்லாருக்கும் சொல்லிக் குடுக்குற?"

நல்ல கதையாக இருக்கிறதே. இரண்டு பேரும் கதவுக்கு இரண்டு பக்கமும் நின்றுகொண்டு வாயை மூடிக்கொண்டோம். வீட்டில் இத்தனை நாளாகச் செய்ததும் இதுதான், நடுவில் கதவு இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம். தொங்கிக்கொண்டிருந்த ரிசீவரிலிருந்து சின்னதாகக் குரல் வந்தது.

"மேடம், கதவு திறக்கிறவரைக்கும் போனை வைக்கக் கூடாதுல்ல?"

"வைக்காதே," என்றேன். கேட்கிறவர்கள் கேட்கட்டும். மொத்த பேட்சும் கேட்கட்டும்.

வெளியே அவர் தொண்டையைச் செருமினார். "ஆஸ்பத்திரி வேலைக்குச் சாயங்காலம் பதில் சொல்லணும்," என்றார். முதல் நாள் பேசின அதே தொனி. ஆனால் இப்போது குரல் கதவுக்கு மிக அருகில், என் நெற்றிக்கு நேராக இருந்தது. "போகவா?"

பழக்க தோஷம், என் நாக்கு "உங்க" வரைக்கும் போய்விட்டது. பல்லைக் கடித்து நிறுத்தினேன். முகம் தெரியவில்லை. ஒன்றும் தெரியவில்லை. அந்தக் கும்மிருட்டில் சட்டைப் பொத்தானும் தெரியாது, என் ராங்கியும் தெரியாது.

"போகாதீங்க," என்றேன். "எனக்கு நீங்க இங்க வேணும். போகாதீங்க."

வெளியே மூக்கை உறிஞ்சுகிற சத்தம். எங்கள் கல்யாணத்திலிருந்து இன்றுவரை அந்த மனுஷன் மூக்கை உறிஞ்சி நான் கேட்டதில்லை.

"சரி," என்றார். அன்றைக்குச் செருப்பை மாட்டிக்கொண்டு சொன்ன அதே "சரி"தான். ஆனால் இந்தச் "சரி" எங்கும் போகவில்லை, கதவருகிலேயே நின்றது. சாவி துளையைத் தேடி இரும்பில் உரசியது. "திறக்கப் போறேன். கதவை விட்டுத் தள்ளி நில்லு."

"தள்ளித்தான் நிக்கிறேன்," என்றேன்.

என் இரண்டு உள்ளங்கையும் கதவின்மேல்தான் இருந்தன.